கழுவெளியில் களை
(அங்கத்தினர் கல்விப் பாடம்)

நன்செய் என்றும் புன்செய் என்றும் நிலத்தைப் பிரித்துப் பழகிய நமக்கு, இரண்டிலும் சேராத சதுப்பு நிலத்தைப் பற்றி ஒரு பாடம் எதற்கு என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். உழவும் இல்லை, தறியும் இல்லை, வரியும் இல்லை. அப்படிப்பட்ட வெளியில் சம்பு முளைத்தால் என்ன, ஆகாயத்தாமரை படர்ந்தால் என்ன என்ற எண்ணம் இயல்பே. ஆயினும் தாம்பரத்தைச் சுற்றியுள்ள சங்கங்களில் இப்பொழுது இரண்டு பேச்சுகள் ஒருங்கே எழுகின்றன. ஏரி நீர் வடிய வழியின்றி வீடும் வயலும் மூழ்குகின்றன என்பது ஒன்று. ஏரியிலும் கழுவெளியிலும் மண்டிய களையை அறுத்துக் கூடையும் பாயும் முடைந்தால் மகளிர்க்குப் பிழைப்பாகுமே என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள். அதனை முறையாக ஆராய்ந்த பின்னரே சங்கம் தீர்மானம் எழுத வேண்டும்.

கழுவெளி என்பது யாது?

தாம்பரத்தின் நில அமைப்பை முதலில் மனத்தில் கொள்வோம். மேற்குத் தாம்பரத்தின் நீர் அடையாற்றில் சேர்ந்து, சென்னை நகரினூடே சென்று, அடையாற்றுக் கழிமுகத்தில் கடலை அடைகிறது. கிழக்குத் தாம்பரத்தின் நீருக்கு வழி வேறு. சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஏரிக்குப்பின் ஏரியாக இறங்கி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் அது சேருகிறது. சதுப்பிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, தெற்கே திரும்பி, கோவளம் கழிமுகத்தில் கடலில் கலக்கிறது. இந்தச் சதுப்பையே நம் முன்னோர் கழுவெளி என்று அழைத்தனர்.

சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை இக்கழுவெளியை நோக்கி வருகிறது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் 50 சதுர கிலோமீட்டர் அளவில் பரந்து கிடந்த நிலம் இது. இன்று எஞ்சியிருப்பது அதில் ஒரு சிறு பகுதியே. சாலைகள் குறுக்கே சென்றன, கட்டடங்கள் எழுந்தன, பெருங்குடிப் பக்கத்தில் 200 ஏக்கருக்கு மேற்பட்ட இடம் நகரக் குப்பையால் மேடாயிற்று. 2007-ஆம் ஆண்டில் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டு வனத்துறையின் பொறுப்பில் வந்தது. 2022-ஆம் ஆண்டில் பள்ளிக்கரணை, ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகப் பதிவு பெற்றது. அண்மைக் காலத்தில் குப்பைமேட்டைத் தோண்டிப் பிரித்து அகற்றும் பணியும் மேற்கொள்ளப்பட்டது.

கழுவெளியின் வேலை எளிதில் விளங்கத்தக்கது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெருகி வரும் வெள்ளத்தை அது வாங்கி வைத்துக்கொண்டு, கடல் இடம் கொடுக்கும்பொழுது சிறிது சிறிதாக விடுகிறது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இத்தகைய மழையை எந்தச் சாக்கடையும் தாங்காது. தாங்கக்கூடிய பள்ளம் வேண்டும். அந்தப் பள்ளத்திலிருந்து நீர் வெளியேறும் வாயும் அடைபடாதிருத்தல் வேண்டும். களையின் கேடு இவ்விரண்டிலும் விழுகிறது. அடர்ந்த சம்பங்காடு ஓட்டத்தைத் தடுக்கிறது. ஆண்டுதோறும் மடியும் தழையும் வேரில் சிக்கும் சேறும் பள்ளத்தை மேடாக்குகின்றன.

களை பெருகிய காரணம்

இங்கே மூன்று செடிகளைப் பிரித்தறிய வேண்டும். ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நமது நாட்டில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் புகுந்து, அங்கே நெல்வயலையும் படகுவழியையும் அடைத்தது. அதனை ஒழிக்க 1936-இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. சீமைக்கருவேலமும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்ததே; விறகுக்காகப் பரப்பப்பட்டு, மேடான கரையையெல்லாம் பிடித்துக்கொண்டது. மூன்றாவதாகிய சம்பு அந்நியச் செடி அன்று. நம் குளங்களில் தொன்றுதொட்டு இருந்து வருவது. அப்படியிருக்க, அடக்கமாய் ஓரத்தில் நின்ற சம்பு இன்று நடுவெளியை ஆக்கிரமித்தது எங்ஙனம்?

காரணம் செடியில் இல்லை, நீரில் உள்ளது. முற்காலத்தில் கழுவெளிக்கு இரண்டு முகங்கள் இருந்தன. மழைக்காலத்தில் நன்னீர் நிரம்பும். கோடையில் நீர் சுண்டி, உவர்ப்பு ஏறி, பல இடங்களில் தரை வெடிக்கும். கழிமுகம் திறந்திருந்த காலங்களில் கடலேற்றத்தின் உவர்நீரும் கால்வாய் வழியே உள்ளே வரும். நன்னீரை நம்பிய களை, கோடையின் வறட்சியிலும் உப்பிலும் வாடி, ஆண்டுதோறும் அளவுக்குள் அடங்கியது. இப்பொழுது குடியிருப்புகளின் கழிவுநீர் பன்னிரண்டு மாதமும் வந்து விழுகிறது. அதனால் கோடை வறட்சி இல்லை, உப்பும் நீர்த்துப்போயிற்று. கழிவுநீரில் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் களைக்கு இலவச உரமாகின்றன. வயலுக்கு மூட்டை மூட்டையாக நாம் விலை கொடுத்து வாங்கும் சத்து அங்கே சம்புக்கு விலையின்றி ஊட்டப்படுகிறது. சாலைகளும் மேடுகளும் குறுக்கிட்டதனால் நீர் ஓடாமல் தேங்குவதும் அதற்கு அனுகூலமாயிற்று.

சம்பின் இயல்பு

பகைவனை வெல்ல அவன் பலத்தை அறிய வேண்டும். சம்பின் ஒரு கதிரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நுண்விதைகள் உண்டு. காற்றில் பஞ்சாய்ப் பறந்து ஈரச்சேற்றில் முளைக்கும். ஆனால் அதன் உண்மையான பலம் சேற்றுக்குள் ஓடும் கிழங்கு போன்ற தண்டிலேதான் இருக்கிறது. மேலே அறுத்தால் கீழே சேர்த்து வைத்த உணவைக்கொண்டு சில வாரங்களில் மீண்டும் தழைக்கும். கூலி கொடுத்து அறுத்தவர்கள் மறுபருவத்தில் அதே இடத்தில் மீண்டும் கூலி கொடுப்பதன் காரணம் இதுவே.

அதன் பலவீனமும் அங்கேயே உள்ளது. காற்றில்லாச் சேற்றில் கிடக்கும் அத்தண்டு, நீருக்கு மேலே நிற்கும் இலை வழியாகவும், காய்ந்த தாளின் வழியாகவுமே மூச்சு விடுகிறது. தாளைத் தாழ அறுத்து, அறுத்த முனைகள் பல வாரங்கள் நீருக்கடியில் மூழ்கியிருக்குமாறு செய்தால், அடித்தண்டு மூச்சு முட்டி அழுகிவிடும். ஆதலால் அறுவடையின் அளவைவிட அதன் காலமே முக்கியம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், ஆவணி, புரட்டாசியில் அடியோடு ஒட்ட அறுத்தால், ஐப்பசி வெள்ளம் மிச்ச வேலையைச் செய்யும். தை மாதத்தில் அறுத்தால் நீர் வற்ற வற்றத் துளிர்ப்புக்கு வழி செய்தவர்களாவோம்.

ஆகாயத்தாமரையின் கதை வேறு. அது மிதக்கும் செடி; தக்க நீரில் ஒன்றிரண்டு வாரத்தில் இருமடங்காகும். ஆகவே பாதியை அள்ளி மீதியை விட்டால் அள்ளியது வீண். 1983-84-இல் பெங்களூர் ஏரிகளில் இச்செடியையே தின்னும் வண்டுகளை விஞ்ஞானிகள் விட்டு, சில ஆண்டுகளில் நல்ல பலன் கண்டனர். எனினும் கழிவுநீர் இடைவிடாது ஊட்டும் இடங்களில் வண்டு தின்னும் வேகத்தைச் செடி வளரும் வேகம் மிஞ்சிவிடுகிறது.

பிற இடங்களின் அனுபவம்

ஒடிசாவின் சிலிகா ஏரி நமக்குச் சிறந்த பாடம். ஆற்றுவண்டல் சேர்ந்து கடல்வாய் தூர்ந்ததால் அவ்வேரியில் உப்பு குறைந்தது. நன்னீர்க் களையும் நாணலும் பரவின. மீன் குறைந்து செம்படவர் கடன்பட்டனர். 1993-இல், சீர்கேடு அடைந்த ஈரநிலங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் கடலுக்கு ஒரு புதிய வாய் வெட்டப்பட்டது. கடலேற்றம் உள்ளே வந்தது, உப்பு ஏறியது, களை பின்வாங்கியது. 1999-2000-இல் 1,700 டன் அளவில் இருந்த மீன்பிடிப்பு, 2001-02-இல் 12,000 டன்னை ஒட்டி உயர்ந்தது. 2002-இல் அப்பட்டியலிலிருந்து சிலிகா நீக்கப்பட்டது. ஆயிரமாயிரம் கைகள் அறுத்து அடக்க முடியாத களையைக் கடல்நீர் அடக்கிற்று.

அமெரிக்காவின் கீழ்க்கரையிலும் இதே செய்தி. அங்கே ஐரோப்பாவிலிருந்து வந்த நாணல் இனம், கரை கட்டியும் சாலை போட்டும் கடலேற்றத்தைத் தடுத்த உவர்ச்சதுப்புகளை விழுங்கிற்று. டெலவேர் விரிகுடாவில் 1990-களில் பழைய கரைகளை உடைத்து ஓதநீரை உள்ளே விட்டனர். ஆயிரம் பங்கு நீரில் 18 பங்குக்கு மேல் உப்பு இருந்தால் அந்நாணல் நலிகிறது. கடல்நீரில் சுமார் 35 பங்கு உப்பு உண்டு. ஓதநீர் போதிய அளவு எட்டாத இடங்களில் களைக்கொல்லியும் தெளித்து, பல ஆண்டுகள் காவலும் இருக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது உதாரணம் எச்சரிக்கையாக அமைந்தது. ராஜஸ்தானத்தின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் 1982-இல் எருமை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. பறவைக்கு நன்மை செய்வதாகவே அதிகாரிகள் கருதினர். நடந்தது நேர்மாறு. மேய்வார் இன்றி நீர்ப்புல் மண்டி, திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆராய்ச்சி, எருமையின் வாய் அந்தச் சதுப்புக்குத் தேவையான வேலை செய்து வந்ததை எடுத்துக்காட்டியது. மக்களை அறவே விலக்கிய காவல் எப்பொழுதும் நல்ல காவலாகாது என்பதற்கு இது சான்று.

நம் அருகிலேயே அடையாற்றுக் கழிமுகத்தில் ஒரு முயற்சி நடந்துள்ளது. இடிபாடும் குப்பையும் கொட்டித் தூர்ந்து, சீமைக்கருவேலம் மூடிக் கிடந்த ஓடையில் 58 ஏக்கரைத் தோண்டி, நீரோட்டத்துக்கு வழி செய்து, கண்டல் முதலிய உரிய மரஞ்செடிகளை நட்டனர். 2011-இல் அது தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில் திறக்கப்பட்டது. கிழக்குத் தாம்பரத்தின் செம்பாக்கம் ஏரியிலும் தொண்டு நிறுவனங்கள் ஆகாயத்தாமரையை அகற்றி, உள்ளே வரும் கழிவுநீரைக் கவனித்துச் சீர்திருத்தும் வேலையை மேற்கொண்டன. ஏரித்தொடரின் மேலேயிருந்து சீர்செய்து வருவதே கழுவெளிக்கு நிலையான நன்மை என்ற கருத்து அதில் அடங்கியுள்ளது.

சீர்திருத்தத்தின் வரிசை

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு தெளிவானது. முதலில் கழிவுநீரை மறிக்க வேண்டும். இரண்டாவதாக, ஒக்கியம் மடுவு முதல் கோவளம் வரை நீர்வழி தடையற்றிருக்க வேண்டும். வெள்ளம் வெளியேறுவதற்கும், கடலேற்றம் எட்டக்கூடிய இடம்வரை உள்ளே வருவதற்கும் அதே வழிதான். மூன்றாவதாக, கோடையில் நீர் இயல்பாகச் சுண்ட விட வேண்டும். இம்மூன்றுக்கும் பின்னரே அறுவடை பயன் தரும். வரிசையை மாற்றி அறுவடையில் தொடங்கினால் செலவு நிற்காது.

சம்பை முற்றிலும் ஒழிப்பதும் தவறு. நீலத் தாழைக்கோழி முதலிய பறவைகள் அதில் கூடு கட்டுகின்றன; கழிவுநீர் நுழையும் வாயில் ஒரு பட்டை சம்பு இருந்தால் சேற்றையும் சத்தையும் ஓரளவு வடிகட்டும். பாத்தி பாத்தியாக அறுத்து, இடையிடையே விட்டு, நடுவில் திறந்த நீர் இருக்கச் செய்வதே முறை. முட்டையிடும் இடங்களை வனத்துறையினர் காட்டிய பின்பே அரிவாள் இறங்க வேண்டும். காப்புக்காட்டு எல்லைக்குள் அனுமதியின்றி ஒரு கட்டு அறுப்பதும் குற்றம் என்பதை அங்கத்தினர் மறக்கலாகாது.

களையை நம்பித் தொழில் நடத்தலாமா?

இனி நெசவாளர் கேள்விக்கு வருவோம். சம்பின் இலையில் பாய் முடையலாம். ஆகாயத்தாமரையின் தண்டை உலர்த்திக் கூடை, பை, நாற்காலிப் பின்னல் செய்யலாம். கை தேர்ந்த மகளிர் நம் சங்கங்களில் உண்டு. ஆயினும் கணக்கை எழுதிப் பார்ப்போம். ஆகாயத்தாமரையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நீரே. 100 கிலோ ஈரத்தண்டு காய்ந்தால் கைக்கு வருவது 5 கிலோ அளவுதான். மாதம் 500 கிலோ உலர்தண்டு வேண்டுமெனில் 10 டன் ஈரச்செடியை இழுத்து, ஏற்றி, உலர்த்த வேண்டும். வண்டிக்கூலி, உலர்களம், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும் நஷ்டம் ஆகியவற்றைச் சேர்த்த பின்பே விலை வைக்க வேண்டும்.

இதனினும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஐம்பது குடும்பங்கள் களையை நம்பிப் பிழைக்கத் தொடங்கினால், களை ஒழிவதை அக்குடும்பங்கள் விரும்புமா? கழிவுநீரை நிறுத்தக் கோரி மனு எழுத வேண்டிய சங்கமே, கழிவுநீர் நின்றால் மூலப்பொருள் போய்விடுமே என்று தயங்கும் நிலை வரும். இது யாருடைய தீய எண்ணத்தாலும் அன்று; வருமானம் எங்கே இருக்கிறதோ அங்கே மனம் நிற்பது உலகியல்பு. ஆகையால் சங்கம் தன் ஒப்பந்தத்தை எழுதும் முறையிலேயே இதற்குப் பரிகாரம் காண வேண்டும்.

நாம் காட்டும் வழி இதுதான். களை அகற்றுவதைப் பொதுப்பணிக் கூலி வேலையாகச் சங்கம் எடுத்துக்கொள்ளலாம். எத்தனை டன் அறுத்தோம் என்பதற்குக் கூலி பேசாமல், எத்தனை பரப்பு அடுத்த கோடை வரை திறந்த நீராக நிலைத்தது என்பதற்குக் கூலி பேச வேண்டும். தவணையாக முன்பணமும், எஞ்சியது அளந்து பார்த்த பின்னும் பெறலாம். அவ்வாறு எழுதினால் களை திரும்பாமை சங்கத்தின் ஆதாயமாகிறது. கைவினைப் பொருளை அதன் உபவருமானமாக மட்டும் கொள்ளலாம். அதற்கெனப் பெருங்கடன் வாங்கிக் கொட்டகை எழுப்பலாகாது. நிலையான பாய்த்தொழில் வேண்டுவோர், முசிறிப் பகுதியில் காவிரிக்கரை விவசாயிகள் செய்வது போலக் கோரையைத் தம் நிலத்திலேயே பயிரிட்டு வாங்கும் ஏற்பாட்டை, பயிரிடும் அங்கத்தினரோடு செய்துகொள்ளலாம். நெசவாளரும் பயிரிடுவோரும் ஒரே சங்கத்தில் இருப்பதன் பயன் அதுவன்றோ?

அளவோடு எடுக்கும் கூட்டுறவுக்கு நம் கடற்கரையிலேயே முன்மாதிரி உண்டு. வடநெம்மேலியில் 1978-இல் தோன்றிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், அரசு அனுமதித்த எண்ணிக்கைக்கு உட்பட்டே பாம்புகளைப் பிடித்து, நஞ்சை எடுத்த பின் மீண்டும் காட்டில் விட்டுவிடும் முறையைக் கைக்கொண்டது. பாம்பு பிழைத்தால்தான் சங்கம் பிழைக்கும் என்ற விதி அதன் தொழிலிலேயே அமைந்துள்ளது.

பயிரிடும் அங்கத்தினர்க்கு ஒரு சொல். ஆகாயத்தாமரையை மக்கவைத்து எருவாக்குவது நல்ல பழக்கமே; ஆனால் அச்செடி நீரிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். குப்பைமேட்டின் வடிநீரும் தொழிற்சாலைக் கழிவும் படும் இடத்துச் செடியைக் கீரைப் பாத்திக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் இடலாகாது. பரிசோதனைச் சாலையில் சோதித்த பின்னரே உணவுப்பயிருக்குப் பயன்படுத்துக. ஐயமிருப்பின் பூச்செடிக்கும் நிழல்மரத்துக்கும் இடுக.

சங்கம் செய்யத்தக்கவை

முதலாவது, தம் ஊர் ஏரியின் நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதை அங்கத்தினர் நடந்து பார்த்து, வரவுக்கால், கலங்கல், மதகு ஆகியவற்றை வரைபடத்தில் குறிக்க வேண்டும். இரண்டாவது, கழிவுநீர் விழும் வாய்களைக் கணக்கெடுத்து, இடமும் தேதியும் இட்டு, 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்கும் உரிய பிற அலுவலகங்களுக்கும் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். வாய்ப்பேச்சுக்குக் கோப்பில் இடமில்லை. மூன்றாவது, ஏரித்தொடரின் மேலூர்ச் சங்கமும் கீழூர்ச் சங்கமும் ஆண்டுக்கு இருமுறையேனும் கூடிப் பேச வேண்டும். மேலூரார் தம் ஏரியின் ஆகாயத்தாமரையை வெள்ளத்தில் தள்ளிவிட்டால் அது கீழூராரின் மதகில் போய் நிற்கும். நான்காவது, கழுவெளியில் மீன் பிடிப்போரையும் புல் அறுப்போரையும் மாடு மேய்ப்போரையும் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். அவர்கள் பெயர் நம் பதிவேட்டில் இல்லாதிருக்கலாம். சதுப்பின் இயல்பை நம்மினும் நன்கறிந்தவர்கள் அவர்களே.

மராமத்துக்கு ஊரே திரண்ட குடிமராமத்து வழக்கத்தை நாம் பெருமையாகப் பேசுகிறோம். அக்காலத்தில் ஒவ்வொரு வீடும் ஏரிநீரை உண்டது. ஆதலால் ஒவ்வொரு வீடும் மண்வெட்டியோடு வந்தது. இன்று பல வீடுகள் ஏரியிலிருந்து எடுப்பது ஒன்றுமில்லை. அதற்குள் விடுவதே உண்டு. ஆயினும் வெள்ளம் வரும் நாளில் எல்லா வீட்டுக்கும் ஒரே கழுவெளிதான். அந்தப் பங்கை உணர்த்தி ஒவ்வொரு வீட்டையும் மீண்டும் பொறுப்பேற்கச் செய்வது கூட்டுறவாளர் கையில் உள்ள வேலை. வரும் ஆவணிக்கு முன்னரே சங்கங்கள் இதனை நிர்வாகக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பார்களாக.

கல்வி வட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. உங்கள் ஏரியின் நீர் அடையாற்றைச் சேர்கிறதா, பள்ளிக்கரணையைச் சேர்கிறதா? இடையில் எத்தனை ஏரிகள் உள்ளன?

2. சம்பைத் தை மாதத்தில் அறுப்பதற்கும் புரட்டாசியில் அறுப்பதற்கும் உள்ள வேற்றுமை யாது?

3. சிலிகாவில் பயன்பட்ட முறை பள்ளிக்கரணையில் எவ்வளவு தூரம் பொருந்தும்? கழிவுநீர் நிற்காமல் கடல்வாயை மட்டும் திறந்தால் என்ன நேரும்?

4. களை அகற்றும் ஒப்பந்தத்தில் கூலியை எடைக்குப் பேசினால் சங்கத்துக்கு எது ஆதாயம்? பரப்புக்குப் பேசினால் எது ஆதாயம்?

5. உங்கள் சங்கத்தில் பாய் முடைவோர் எத்தனை பேர்? அவர்களுக்கு வேண்டிய கோரையைப் பயிரிட முன்வரும் அங்கத்தினர் யார்?